கரிசல் நில மானாவாரி மல்லி

விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசல் காடுகளில் வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி விளையும் பயிர்களுள் கொத்தமல்லியும் ஒன்று. விதைக்கு 'மல்லி' என்றும் இலைக்கு 'மல்லித்தழை' என்றும் இங்கு பெயர். நம் சமையலில் பச்சையாகவே உண்ணப்படும் கீரை என்றால் முதலில் சொல்லத்தக்கது இதுவே.

மல்லி மத்தியதரைக் கடல் பகுதியைச் சார்ந்த குளிர்காலச் செடி. எகிப்திய மன்னர் துட்டன்காமுனின் கல்லறையிலும் இதன் விதைகள் கிடைத்துள்ளன. வடமொழியில் 'குஸ்தும்புரு', கன்னடத்தில் 'கொத்தம்பரி', தெலுங்கில் 'கொத்திமீர' எனப் பெயர்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. வெப்பம் கூடினால் செடி தழைக்காமல் விரைந்து பூத்துவிடும். அப்படிப்பட்ட செடி வெயிலுக்குப் பெயர்போன விருதுநகர் வட்டாரத்தில் எப்படி நிலைத்தது?

விடை மண்ணிலும் மாதத்திலும் இருக்கிறது. ஐப்பசி மழையில் கரிசல் மண் ஈரத்தைக் குடித்து நெடுநாள் வைத்திருக்கும். விதையை இரண்டாக உடைத்து விதைப்பார்கள். மழை ஓய்ந்தபின் மார்கழிப் பனியும் மண்ணின் ஈரமுமே செடிக்குத் துணை. ஒரு மாதத்தில் நெருக்கமான செடிகளைக் களைந்தால் அது தழையாகும். விட்டுவைத்தவை ஏறத்தாழ மூன்று மாதத்தில், தை, மாசியில், மணியாகும். பனியே ஓரளவுக்கு மேல் போய் மேகமூட்டமும் சேர்ந்தால் இலையில் சாம்பல் நோய் படியும். பூக்கும் நேரத்தில் பெருமழை பெய்தாலும் மகசூல் போயிற்று. ஆக, ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் சில வார வானிலையில் தொங்கியது.

1876-இல் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டது, அப்போது விருதுபட்டி எனப்பட்ட ஊரின் வணிகத்துக்கு வலுச் சேர்த்தது. அவ்வூர் 1923-இல் விருதுநகராயிற்று. பருத்தி, வற்றல், பருப்பு, எண்ணெய் வரிசையில் மல்லியும் இங்கே விலை பேசப்பட்டது. அதே 1923-ஐ ஒட்டித்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் பழகி வந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். பட்டாசு பின்னர் வந்தது. மழை குறைந்த உலர்ந்த காற்று அத்தொழிலுக்கு வாய்ப்பாக அமைந்தது. உழவரை வாட்டிய வறட்சியே ஆலைக்கு வரமானது என்பது கசப்பான உண்மை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பட்டாசு ஆலைகளில் வேலை மும்முரமாவது தீபாவளிக்கு முந்தைய வாரங்களில். மல்லி விதைப்பும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். வாரக்கூலி தரும் ஆலையா, வருமோ வராதோ என்ற மழையா என்றால் ஆட்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இன்று விருதுநகர்ச் சந்தைக்கு ராஜஸ்தான், மத்தியப் பிரதேச மல்லியும் மூட்டை மூட்டையாக வருகிறது. கரிசல் மல்லி அவற்றோடு விலையில் போட்டியிட வேண்டியுள்ளது.