கரையேறிய புரவிகள்

காட்டுக்குதிரையை வளைத்துப் பிடித்து, அதன் மீது தாவி ஏறி, அடக்கிப் பழக்கி, பின்னர் அதனைப் பந்தயத் திடலில் முதலாவதாக ஓடவிடும் வீரனின் கதையை விரும்பாத சிறுவர் இல்லை. அக்கதையை நம் நாட்டு வரலாற்றோடு ஒட்டிப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம். ஒட்டிப் பார்க்கும்போது ஓர் உண்மை முதலிலேயே எதிர்ப்படுகிறது. வரலாறு அறிந்த காலம் முழுவதிலும் இலங்கையில் காட்டுக்குதிரை என ஓர் இனம் இருந்ததில்லை. இங்குள்ள குதிரை ஒவ்வொன்றும், அல்லது அதன் முன்னோர், மரக்கலமேறிக் கடல் கடந்து வந்தவையே. ஆயினும் வட கடலில் உள்ள நெடுந்தீவில் இன்று உடையவன் இல்லாத குதிரைகள் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. வந்தேறிய விலங்கு காட்டு விலங்கானது எப்படி?

நம்மவர் பேச்சில் இதற்கு அழகான ஒரு சொல் உண்டு. கட்டாக்காலி என்கிறோம். கட்டாத காலி, அஃதாவது கட்டப்படாத கால்நடை. அச்சொல்லிலேயே ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் அதனைக் கட்டியிருந்த கை ஒன்று உண்டு. பின்னர் அக்கை கயிற்றைக் கைவிட்டது. நெடுந்தீவுக் குதிரை காட்டுக்குதிரையன்று, கட்டாக்காலிக் குதிரை.

குதிரை வணிகம் நமது மேற்குக் கடலுக்கு மிகப் பழையது. சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவர் அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் நீதியோடு ஆண்டனர் என்று மகாவம்சம் கூறுகிறது. அவர்கள் குதிரை வணிகன் ஒருவனின் மக்கள் என்பதையும் அந்நூலே குறிக்கிறது. இது எல்லாளனுக்கும் முற்பட்ட காலம். கடல்வழி வந்த குதிரைகளைக் காவிரிப்பூம்பட்டினத்தில் கண்டதாகப் பட்டினப்பாலையும் பாடுகிறது. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட அமைச்சர் மாணிக்கவாசகரின் வரலாறும், நரிகள் பரிகளாகி வந்து, இரவில் மீண்டும் நரிகளாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்த கதையும் நேயர் அறிந்தனவே. குதிரைக்காகக் கருவூலத்தையே திறந்துவிட்ட ஒரு நாட்டில்தான் இத்தகைய கதை பிறக்க முடியும்.

அவ்வாறு திறந்த கருவூலத்தின் கணக்கை அயல்நாட்டார் எழுதி வைத்துள்ளனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அங்கு ஆண்ட சகோதரர் ஐவரும் ஒவ்வொருவராக ஆண்டுதோறும் 2000 குதிரைகளும் அதற்கு மேலும் வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். பாரசீகத்து ஆசிரியரான வஸ்ஸாப் குதிரை ஒன்றின் விலையை 220 பொன் தினார் என்று குறித்தார். பயணிகளின் எண்களில் மிகை இருக்கலாம். ஆனால் போலோ கூறும் காரணம் மிகையன்று. குதிரையைப் பேணத் தெரிந்தவர் அங்கில்லை. சோற்றோடு இறைச்சியைச் சமைத்து அதற்கு ஊட்டினர். வணிகரோ, தம் நாட்டுக் குதிரை மருத்துவர் எவரும் இங்கு வராதவாறு பார்த்துக்கொண்டனர். கலையைத் தந்துவிட்டால் மறு ஆண்டு குதிரை விற்காதல்லவா?

இதுவே நாம் கருத்தில் இருத்த வேண்டிய செய்தி. குதிரையை விலைக்கு வாங்கலாம். குதிரையைப் பழக்கும் அறிவை மரக்கலத்தில் ஏற்றி இறக்க முடியாது.

அந்த அறிவு யாது? புல்வெளிகளில் கூட்டமாக வாழ்ந்து, பகையைக் கண்டவுடன் ஓடித் தப்பிய விலங்கு குதிரை. அதன் கண்கள் தலையின் இரு புறத்தும் அமைந்தவை. ஏறத்தாழ முழு வட்டத்தையும் அது காணும். ஆயினும் நெற்றிக்கு நேர் முன்னும், வாலுக்கு நேர் பின்னும் அதற்குக் குருடு. ஆகையால் பழக்குவோன் பக்கவாட்டில், அதன் கண்ணுக்குத் தெரியும்படி நடந்து, மெல்லப் பேசிக்கொண்டே அணுகுகிறான். காது பின்னோக்கி மடிந்தால் நிற்கிறான். முன்னோக்கி நிமிர்ந்தால் ஓரடி வைக்கிறான். கை தொட்ட பின்னரே கயிறு. கயிற்றுக்குப் பழகிய பின்னரே நீண்ட வடத்தில் வட்டமாக நடத்தல். அதன் பின் கடிவாளம், சேணம், கடைசியில் மனிதனின் பாரம். கயிற்றை இழுப்பது பாடமன்று. குதிரை இணங்கிய அக்கணமே இழுப்பைத் தளர்த்துவதே பாடம். பந்தயத்துக்குரிய குதிரைக்கோ இதன் மேலும் பல திங்கள் வேண்டும். தூரத்தையும் வேகத்தையும் சிறுகச் சிறுகவே கூட்ட வேண்டும். அவசரப்பட்டால் இளங்கால் எலும்பு தாங்காது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் செய்த கிரேக்கர் செனபோன், சினங்கொண்ட நிலையில் குதிரையை ஒருபோதும் அணுகாதே என்று விதித்தார். வகுப்பறையில் நிற்போர்க்கும் அது பொருந்தும் விதியே.

இனி நம் கரைக்கு வருவோம். பாண்டியர் குதிரை இறக்கிய அதே கடலின் இக்கரையில் உள்ளது புத்தளம். 1344ஆம் ஆண்டில் இப்னு பதூதா இங்குக் கரையிறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு அளவளாவினார். பாவாத மலைக்குச் செல்ல மன்னன் அவருக்கு அளித்தது குதிரையன்று. பல்லக்கும் அதனைச் சுமக்கும் ஆட்களுமே. பிற்காலத்தில் ஒல்லாந்தர் கற்பிட்டியில் 1667ஆம் ஆண்டில் கோட்டை கட்டத் தொடங்கி இக்கடல் வழியைக் காவல் செய்தனர். அவர்களே வடக்கே யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் எனப் பெயர் பெற்றது.

போர்த்துக்கேயர் கொண்டுவந்த குதிரைகளை ஒல்லாந்தர் அத்தீவில் பெருக்கினர். காரணம் எளியது. பரந்த புல்வெளி உண்டு; வேலி அடைக்க வேண்டியதில்லை, கடலே வேலி. திறந்த வெளியில் பிறந்து வளர்ந்தவற்றைத் தேவைப்படும்போது வளைத்துப் பிடித்துப் பழக்கினர். ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற படையதிகாரி அப்பண்ணையை மேற்பார்த்தார். முருகைக்கல்லாலான லாயத் தூண்கள் இன்றும் அங்கு நிற்கின்றன. பின்னர் பண்ணை கைவிடப்பட்டது. கொழும்பிலோ பந்தயம் வளர்ந்தது. காலிமுகத் திடலில் நடந்த குதிரைப் பந்தயம் 1893ஆம் ஆண்டில் கறுவாத் தோட்டத்துத் திடலுக்கு மாறியது. நுவரெலியாவின் ஏப்பிரல் பந்தயமும் பெயர் பெற்றது. ஆனால் அங்கு ஓடியவை பெருவிலை கொடுத்துப் பிற நாடுகளிலிருந்து இறக்கிய உயர்குலக் குதிரைகள். நெடுந்தீவின் மட்டக்குதிரையை எவரும் தேடவில்லை. அது தன் வழியே பிறந்து, தன் வழியே மடிந்தது.

புத்தளத்து நேயர்கள் இதனை அயலூர்க் கதை எனக் கருத வேண்டா. குதிரையின் நெருங்கிய உறவான கழுதையிடத்து நம் கதையும் இதுவே. கிழக்காபிரிக்காவில் ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன், குதிரைக்கும் முன்னதாக, மனிதனுக்குப் பணிந்த விலங்கு கழுதை. அராபிய வணிகரே அதனை இக்கரைக்குக் கொணர்ந்தனர் என்பது மரபு. புத்தளத்து உப்பு கண்டி மலைநாட்டுக்குத் தவள மாடுகளின் முதுகில் சென்ற நாட்களில், கரையோரச் சுமைகளுக்குக் கழுதையும் முதுகு கொடுத்தது. 1926இல் புகையிரதம் வந்தது. பின்னர் லொறி வந்தது. கயிறு அவிழ்ந்தது. இன்று புத்தளத்திலும் கற்பிட்டியிலும் மன்னாரிலும் தெருவோரத்தில் நிற்கும் கழுதைகள் அந்தச் சுமைகாரரின் பேரப்பிள்ளைகள். இரவில் வாகனங்களில் அடிபடுவதும், குப்பையில் இரை தேடுவதும், சிறுவரின் கல்லெறிக்கு இலக்காவதும் அவற்றின் நாள்வாழ்வு. படிக்காத மாணவனை வையவும் அவற்றின் பெயரையே எடுத்தாள்கிறோம்.

நெடுந்தீவில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 2015ஆம் ஆண்டில் அத்தீவின் ஒரு பகுதி, ஏறத்தாழ 1846 ஹெக்டேயர், தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் வறட்சிக் காலத்தில் நீரின்றிக் குதிரைகள் மடிவதைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். அறிவிப்புத் தாள் தாகம் தீர்க்காது. தொட்டியில் நீர் நிரப்பும் கை வேண்டும். பாண்டியரின் குதிரைகள் பொன் இல்லாமையால் மடியவில்லை; பேணத் தெரிந்தவர் இல்லாமையால் மடிந்தன. நமது குதிரைகளும் கழுதைகளும் அப்படியே மடியின், எழுநூறு ஆண்டு கழித்தும் நாம் அப்பாடத்தைக் கற்கவில்லை என்றே பொருள்.

கோடையில் வாயிலோரத்தில் ஒரு தொட்டி நீர். இரவில் தெருவில் வேகம் தணித்த வாகனம். காயமுற்ற விலங்கைக் கண்டால் மிருக வைத்தியருக்கு ஒரு சொல். கல்லெடுத்த பிள்ளையின் கையைப் பிடித்து, இது உன் ஊரின் சுமையைச் சுமந்தது என்று கூறும் ஆசிரியர். இவற்றுக்குக் கருவூலம் வேண்டியதில்லை. பழக்குவதைப் பெருமையாகப் பேசும் நாம், பழக்கிய பின் கைவிட்டதற்கும் பொறுப்பேற்க வேண்டும். கயிறு அவிழ்ந்துவிட்டது, கடமை அவிழவில்லை.