தலையெழுத்தும் கையெழுத்தும்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பர் நம் நாட்டார். அழகிய பேச்சுத்தான், ஆனால் அந்த அழகுக்குள்ளே ஓர் அச்சம் ஒளிந்திருக்கிறது. பிழைத்தால் மறுபிறவி, பிழைக்காவிட்டால்? “அவள் தலையெழுத்து” என்று ஒரே சொல்லில் கணக்கை முடித்துவிடுவர். தாயை இழந்த பச்சிளங்குழவியும் சில நாட்களில் கண்மூடினால், அதற்கும் அதே தலையெழுத்து!

எழுதியவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. மாளிகையில் மங்கலமாக எழுதுபவன், மண்குடிசையில் மட்டும் மரணத்தை எழுதுவானேன் என்றும் கேட்பதில்லை. நாம் கேட்போம். விடை சொல்ல அண்டை நாடாம் இலங்கையின் வரலாற்றை அழைப்போம்.

1930களில் அத்தீவில் நூறாயிரம் பிள்ளைப்பேற்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். அதாவது, ஏறத்தாழ ஐம்பது பேற்றுக்கு ஒரு பிணம்! ஆறு பிள்ளை பெற்றவள் ஆறு முறை அந்த ஆபத்தின் வாயிலுக்குச் சென்று மீண்டவள். 1934இலும் 1935இலும் மலேரியாக் காய்ச்சல் கொள்ளைநோயாய்ப் பரவி ஏறத்தாழ 80,000 உயிர்களை உண்டது. 1935இல் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 263 பேர் முதலாண்டு நிறைவைக் காணவில்லை.

அதே இலங்கையில், 1950ஐ ஒட்டித் தாய்மார் சாவு முன்னிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. 2010களில் நூறாயிரத்துக்கு நாற்பதுக்கும் குறைந்தது.

இடையில் என்ன நிகழ்ந்தது? எண்ணெய்க் கிணறு கண்டதா இலங்கை? பொற்சுரங்கம் தோண்டியதா? இல்லை. தேயிலையும் தெங்கும் இரப்பரும் விற்று வாழ்ந்த நாடு அது. “முதலில் நாடு செல்வம் சேர்க்கட்டும்; பிறகு தாய்மாரைக் காப்போம்” என்பாருக்கு அத்தீவு தரும் மறுப்பு, பேச்சன்று; எண்.

அந்த மாற்றத்தின் வேரைத் தேடின், முதலில் நாம் காண்பது யாழ்ப்பாணத்து மண். 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவப்பணி ஆற்றினார். மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று துணிந்தார், கற்பித்தும் காட்டினார். 1857இல் பிள்ளைப்பேற்று மருத்துவ நூலொன்று அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தது. உயிர்காக்கும் அறிவு தாய்மொழியில் பேசினால்தான் தாயின் செவிக்கு எட்டும் என்பதை உணர்ந்த செயல் அது.

1867இல் பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது. சாவை எண்ணத் தொடங்கிய நாளே, சாவைக் கேள்வி கேட்கத் தொடங்கிய நாள். எண்ணப்படாத பிணத்துக்கு எவரும் பொறுப்பாளி அல்லர். எண்ணிவிட்டாலோ, “ஏன்?” என்ற வினா எழுந்தே தீரும்.

1879இல் கொழும்பில் டி சொய்சா பிள்ளைப்பேற்று விடுதி திறக்கப்பெற்றது. செல்வர் ஒருவர் ஈகையால் எழுந்த அவ்விடுதி போற்றத்தக்கதே. ஆனால் நகரத்து விடுதியின் விளக்கொளி, நாட்டுப்புறத்துக் குடிசையின் இருட்டை ஓட்டுமா? குருதி பெருகிச் சோர்ந்த தாயும், வலிப்பு வந்து துடித்த தாயும் மாட்டுவண்டியிலே எத்தனை கல் தொலைவு செல்வர்?

திருப்பம் 1926இல் நேர்ந்தது. களுத்துறையில் முதல் நலவாழ்வுப் பிரிவு தொடங்கப்பட்டது. நோயாளி மருத்துவமனையைத் தேடி வருமட்டும் காத்திராமல், மருத்துவம் மக்களைத் தேடிச் செல்லும் முறை அது. அதன் உயிர்நாடி பயிற்சி பெற்ற மருத்துவ மாது. சில ஆயிரம் மக்களுக்கு ஒருவர். அவர் வாழ்வதும் அந்த வட்டாரத்திலேதான்.

அவர் கையில் மந்திரக்கோல் இல்லை, பதிவேடு இருந்தது. எந்த வீட்டில் எவள் கருவுற்றிருக்கிறாள், எத்தனையாவது திங்கள், முந்தைய பேறு எப்படி, இரத்தச்சோகை உண்டா, கால் வீங்கியிருக்கிறதா — அனைத்தும் ஏட்டில் ஏறின. இயல்பான பேறாயின் வீட்டிலேயே, கழுவிய கையுடன், தூய கருவியால் கொப்பூழ்க்கொடி அறுத்தார். இடர் தெரிந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அனுப்பினார். கழுவாத கை தாய்க்குக் காய்ச்சலைத் தரும். துருவேறிய கத்தி சேய்க்கு இசிவுநோயைத் தரும். இவற்றைத்தான் ‘பேய்’ என்றும் ‘தோஷம்’ என்றும் பெயரிட்டு ஆண்டாண்டுக்காலம் அஞ்சிக்கிடந்தோம். தலையெழுத்தை அழித்தது, அந்த மாதின் கையெழுத்து!

அறிவு மட்டும் போதுமா? அதிகாரமும் வேண்டும். 1931இல் ஆண் பெண் இருபாலார்க்கும் இலங்கையில் வாக்குரிமை கிடைத்தது. வாக்குக் கேட்டுச் சிற்றூருக்குச் சென்றவர்களிடம் சிற்றூர் மருத்துவமனை கேட்டது, பள்ளி கேட்டது. கனடாவில் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, இலங்கையையே தன் நாடாக்கிக்கொண்ட மருத்துவர் மேரி இரத்தினம், சிற்றூர்ப் பெண்களை மகளிர் சங்கங்களாகத் திரட்டி, நலவாழ்வையும் தன்மானத்தையும் ஒருங்கே கற்பித்தார்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. எழுதப் படிக்கக் கற்ற பெண், மருத்துவ மாது சொன்னதைப் புரிந்துகொண்டாள். சொல்லாததைக் கேட்கவும் துணிந்தாள். 1946 முதல் டி.டி.டி. தெளிப்பு மலேரியாவை ஒடுக்கிற்று. பென்சிலின் போன்ற புதுமருந்துகள் பேறுகாலக் காய்ச்சலை வென்றன. 1951இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் நீங்கிற்று. மருந்து வந்ததால் மட்டும் வந்த வெற்றியா இது? மருந்து எந்த நாட்டுக்கும் வரும். அதை மூலையிலுள்ள குடிசைவரை கொண்டுசெல்லும் ஆள் இருந்ததால் வந்த வெற்றி.

1980களிலிருந்து, பேற்றில் இறந்த ஒவ்வொரு தாயின் சாவையும் தனித்தனியே ஆராயும் முறையும் அங்கு வேரூன்றியது. எங்கே காலம் தாழ்ந்தது — வீட்டிலா, வழியிலா, மருத்துவமனையிலா? விடையறிந்து குறை களைந்தனர்.

இவ்வளவும் படித்து மகிழும் நேரத்தில், ஒரு கேள்வி நம் நெஞ்சைக் குத்துகிறது. அந்தத் தேயிலையைக் கிள்ளிய கைகளுக்கு என்ன கிடைத்தது?

மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்தோர், தமிழகத்திலிருந்து கடல் கடந்து சென்ற நம் உறவினர். நாட்டு வருவாயைச் சுமந்தவர்கள் அவர்கள். எனினும் அவர்களின் மருத்துவம் நெடுங்காலம் அரசின் பொறுப்பில் இல்லை; தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விடப்பட்டது. நாடெங்கும் மருத்துவ மாதர் நடந்த பாதை, தோட்டத்தின் எல்லைக்கல்லில் நின்றது. ஒற்றையறை லயத்தில் பிறந்த பிள்ளை, தாய் கொழுந்து கிள்ளும் நேரத்தில் பிள்ளைக்காம்பராவில் கிடந்தது.

1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப்பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வாக்கும் பறிபோயிற்று. வாக்கில்லாத வாயின் அழுகுரல் எந்த அமைச்சரின் காதில் விழும்? நாட்டின் பிற பகுதிகளில் குழந்தைச் சாவு விரைந்து இறங்கியபோது, தோட்டங்கள் பின்தங்கியே நின்றன. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் அங்கே சாவு மீண்டும் தலைவிரித்தாடிற்று. பின்னர் நிலை பெரிதும் திருந்திற்று எனினும், பழைய பள்ளம் முற்றும் தூரவில்லை. 2016ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றிக் குறுகியோர் நாடளவில் நூற்றுக்கு 17. தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32!

ஒரே தீவு. ஒரே வானம். ஒரே மருத்துவ நூல். ஆயினும் இருவகை வாழ்வு. தலையெழுத்து என்பது உண்மையாயின், அது தோட்டத்து எல்லைக்கல்லைப் பார்த்தா எழுதும்? இல்லை, தோழர்களே! எல்லைக்கல்லை நட்டவன் மனிதன். பிடுங்க வேண்டியவனும் மனிதனே.

2023ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கருவுற்றமையாலும் பிள்ளை பெற்றமையாலும் மாண்டனர். நாளொன்றுக்கு எழுநூறுக்கும் மேல்! அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல் வருவாய் குறைந்த நாடுகளைச் சேர்ந்தோர். அந்நாடுகளுக்கெல்லாம் இலங்கையின் வரலாறு தரும் பாடம் இரண்டு. வறுமை நீங்குமட்டும் தாய் சாகக் காத்திருக்கத் தேவையில்லை என்பது ஒன்று. எவரை ஏட்டில் எழுத மறக்கிறோமோ, அவர் வீட்டுக்குள்தான் சாவு முதலில் நுழைகிறது என்பது மற்றொன்று.

ஏட்டைத் திறப்போம். ஒருத்தி பெயரும் விடுபடாமல் எழுதுவோம்.