டாக்டர் சாரதா மேனனும் பெங்களூர்ப் பட்டயமும்

மனநல மருத்துவர் என்று வாயிற்பலகையில் எழுதிக்கொள்ள என்ன தகுதி வேண்டும்? நம் குடியிருப்பில் இக்கேள்வியைக் கேட்பார் அரியர். பல்வலிக்கு நல்ல மருத்துவரை நாலு பேரிடம் விசாரித்தறியும் நாம், வீட்டிலொருவர் மனம் பேதலித்தால் கயிறு மந்திரிப்பவரிடமே முதலில் ஓடுகிறோம்.

1946ஆம் ஆண்டில் சர் ஜோசப் போர் என்பாரின் தலைமையிலமைந்த சுகாதாரக் குழு அறிக்கை அளித்தபோது, இப்பெருநாடு முழுவதிலும் மனநோயாளருக்கு இருந்தவை ஏறத்தாழ 10,000 படுக்கைகளே. பயிற்சி பெற்ற மருத்துவரோ விரல்விட்டு எண்ணத்தக்கவர். அக்குறை தீர 1954இல் மத்திய அரசும் மைசூர் அரசும் கூடி, அகில இந்திய மனநலக் கழகத்தைப் பெங்களூரில் நிறுவின. முதல் இயக்குநர் டாக்டர் எம். வி. கோவிந்தசாமி. மருத்துவப் பட்டம் பெற்றவர் மேலும் ஈராண்டு பயின்று டி.பி.எம். என்னும் மனநல மருத்துவப் பட்டயம் பெற அங்கு வழி பிறந்தது. 1974இல் அக்கழகமும் அரசு மனநோய் மருத்துவமனையும் இணைந்து ‘நிம்ஹான்ஸ்’ ஆயின. சாமராஜநகரிலிருந்து பெங்களூருக்குச் சீட்டு வாங்குவோர் அப்பெயரைச் சொல்லுங்கால் குரலைத் தாழ்த்துவதை நாம் கண்டதுண்டு. இருதய நோய்க்குச் செல்வோர் எவரும் அவ்வாறு தாழ்த்துவதில்லை!

அப்பட்டயத்தைப் பெற்றுச் சென்னைக்குத் திரும்பியவருள் ஒருவர் டாக்டர் சாரதா மேனன். 1923இல் மங்களூரில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1951இல் பட்டம் பெற்றவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவர். 1959இல் கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையில் சேர்ந்து, இரண்டே ஆண்டுகளில் அதன் முதல் பெண் கண்காணிப்பாளரானார். 1978 வரை அப்பொறுப்பிலிருந்தார். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற சொல்லே நம்மவரிடையே வசைமொழியாக வழங்கிய காலம் அது. அங்கே நோயாளர் கைத்தொழில் பழகிப் பொருள் ஈட்டும் தொழிற்பயிற்சி நிலையம் அவர் காலத்தில் அமைந்தது. மாவட்ட மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் தோன்றின. இதனையே நாம் அவருடைய பெருஞ்செயலாக மதிக்கிறோம். வெளியூர் ஏழைக்குச் சென்னைப் பயணம் மிச்சமாயிற்றன்றோ!

பட்டயம் வெறும் அலங்காரமன்று. இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இத்துறையில் அங்கீகாரம் பெற்ற மேற்படிப்பையே மனநல மருத்துவருக்கு இலக்கணமாக வகுக்கிறது. பெயருக்குப் பின்னே எம்.டி. என்றிருப்பின் எத்துறையில் எனக் கேட்டறிய வெட்கம் வேண்டா.

ஓய்வு பெற்ற பின்னர், 1984இல் மனச்சிதைவு நோயாளருக்கென ‘ஸ்கார்ப்’ என்னும் நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். 1992இல் பத்மபூஷண் விருது வந்தது. 2021 டிசம்பர் 5ஆம் நாள் தமது 98ஆம் வயதில் மறைந்தார். முதுமையிலும் நோயாளரைப் பார்ப்பதை அவர் நெடுநாள் விடவில்லை.