அம்மாவின் சுகரும் ஒரு பழைய மருந்தின் கதையும்

திருவனந்தபுரத்துக்கு மாற்றலானபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். மன்னார்குடி வீட்டைப் பூட்டிவிட்டு வர அவளுக்கு மனசே இல்லை. கரமனையில் வீடு, அக்கம்பக்கத்தில் தமிழ் பேச ஆள் உண்டு, சாலைக் கடைத்தெருவில் நம்மூர் சாமான் எல்லாம் கிடைக்கும் என்றெல்லாம் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். வந்த சில மாதத்தில், 2019-ல், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. அதற்கப்புறம் கட்டில்தான் உலகம். ஏற்கெனவே முடக்குவாதம் வேறு. கை மூட்டெல்லாம் வீங்கிக்கொண்டதால் ஒரு கிளினிக்கில் ப்ரெட்னிசோலோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. தெய்வமே என்று கும்பிட்டோம்.

ஆறு வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்த சுகர் 286. அதுவரை அம்மாவுக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது.

நான் செய்த முதல் காரியம் அவளைத் திட்டியது. தீபாவளி சமயம். பக்கத்து வீட்டு மாமி கொடுத்த லட்டு டப்பா கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. "நான் தொடக்கூட இல்லைடா" என்றாள். நம்பவில்லை. டப்பாவை எடுத்துப் பரணில் வைத்தேன். (எழுந்து நிற்கவே முடியாதவளிடமிருந்து பரணில் ஒளித்த புத்திசாலி நான்.) மறுநாள் முதல் காலையில் வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டரில் பார்த்தேன். 116, 112, 118. பார்த்தாயா, லட்டு போனதும் சுகரும் இறங்கிவிட்டது என்று அம்மாவிடமே சொல்லிக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கேரளத்தில் 2008-ல் அரசு பாலியேட்டிவ் கேர் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. படுக்கையில் கிடப்பவர்களை உள்ளாட்சி அமைப்பின் நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு அதிலிருந்துதான் மாநிலம் முழுக்கப் பரவியது. அப்படி எங்கள் வீட்டுக்கு வந்த சேச்சி என் நோட்டைப் புரட்டிவிட்டு, "அம்ம ஸ்டீராய்டு கழிக்குன்னுண்டோ?" என்று கேட்டார். (மலையாளத்தில் மருந்தைக் கழிப்பது என்றால் சாப்பிடுவது. வந்த புதிதில் நான் பயந்தே போனேன்.) ஆமாம் என்றதும், அப்போது மணி நாலு, அங்கேயே விரலில் குத்திப் பார்த்தார். 291. லட்டு பரணில்தான் இருந்தது.

காலையில் ஒரு வேளை ப்ரெட்னிசோலோன் சாப்பிடுகிறவர்களுக்கு மதியத்திலிருந்து இரவு வரை சர்க்கரை ஏறும். விடியற்காலைக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் பிடிபடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பி.காம். படித்தவன், டெபிட் கிரெடிட் தாண்டி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அம்மாவை நிற்க வைத்து, இல்லை, படுக்க வைத்து விசாரித்த குற்ற உணர்ச்சியில் இந்த மருந்தின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கதை அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மேயோ கிளினிக்கில் தொடங்குகிறது. அங்கே பிலிப் ஹெஞ்ச் என்ற மூட்டு மருத்துவர், முடக்குவாதக்காரர்களுக்கு மஞ்சள் காமாலை வந்தாலோ கர்ப்பம் தரித்தாலோ மூட்டுவலி தற்காலிகமாகக் குறைவதைக் கவனித்திருந்தார். உடம்புக்குள் ஏதோ ஒரு பொருள் சுரந்து வலியைக் குறைக்கிறது என்பது அவருடைய ஊகம். அதே மேயோவில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர் அட்ரினல் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்து A, B என்று பெயரிட்டு வைத்திருந்தார். அதில் E என்ற பொருளை மெர்க் கம்பெனியின் லூயிஸ் சாரெட் 1944-ல் மாட்டின் பித்தநீரிலிருந்து செய்துகாட்டினார். ஏகப்பட்ட படிகள் கொண்ட, குதிரைக்கொம்பான வேலை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைத்தது.

1948 செப்டம்பர் 21-ம் தேதி, முடக்குவாதத்தால் நடமாட்டம் முடங்கிப்போன 29 வயதுப் பெண் ஒருவருக்கு அந்த E-யை ஹெஞ்ச் ஊசியில் ஏற்றினார். தினம் 100 மில்லிகிராம். ஒரு வாரத்தில் அந்தப் பெண் எழுந்து கடைவீதிக்குப் போய் வந்தார். E-க்குக் கார்ட்டிசோன் என்று பெயர் வைத்தார்கள். 1950-ல் ஹெஞ்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரெய்க்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு.  அம்மா சாப்பிட்டது அதன் தம்பி வகை. அந்த ப்ரெட்னிசோன், ப்ரெட்னிசோலோன் குடும்பம் 1955 வாக்கில் கடைக்கு வந்தது.

என்னை உறைய வைத்தது வேறொரு வருஷம். டுவைட் இங்கிள் என்ற ஆராய்ச்சியாளர் 1941-லேயே இதே பொருளைச் சர்க்கரை வியாதி இல்லாத எலிகளுக்குக் கொடுத்து, சிறுநீரில் சர்க்கரை இறங்குவதைக் காட்டியிருக்கிறார். அதாவது, முதல் நோயாளிக்கு ஊசி போடுவதற்கு ஏழு வருஷம் முன்பே! இந்த மருந்து வகையின் பெயரே குளுக்கோகார்ட்டிகாய்ட். பெயரிலேயே குளுக்கோஸ் உட்கார்ந்திருக்கிறது. நான் பரணில் தேடிக்கொண்டிருந்தேன்.

இது பாதிக் கதைதான். மறு பாதி கட்டில்.

பாஸ்டனில் பிளாட்னர் என்ற மருத்துவர் 1945-ல், வெகுநாள் படுக்கையில் கிடப்பவர்களின் உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கும் திறனை இழக்கிறது என்று எழுதினார். 1947-ல் லண்டன் டாக்டர் ரிச்சர்ட் ஆஷர், படுக்கை ஓய்வு என்ற வைத்தியமே ஆபத்து என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு போடு போட்டார். 1966-ல் டல்லாஸில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்திப் பார்த்தார்கள். கட்டுமஸ்தான பையன்களின் உடல் திறனே வெகுவாகச் சரிந்துவிட்டது. 1994-ல் பாமன், ஸ்பங்கன் இருவரும் முதுகுத்தண்டு அடிபட்ட 100 பேரைச் சோதித்ததில் 22 பேருக்குச் சர்க்கரை வியாதி. ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்றவர்களில் 6 சதவீதம்தான்.

காரணம் தசை. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைச் செலவழிப்பது தசைதான், அதிலும் தொடையும் காலும். தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் இல்லாமலே கூட சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். கால் அசையாவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. ஸ்டீராய்டோ கல்லீரலை அதிகச் சர்க்கரை தயாரிக்கச் சொல்கிறது, தசையிடம் வாங்காதே என்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால் டெபாசிட் குவிகிறது, வித்ட்ராயல் நின்றுபோகிறது. பேலன்ஸ் 291.

ஸ்டீராய்டு மட்டும் இல்லை. ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் தரும் தயாசைட் வகை நீர் மாத்திரை, ஓலன்சபைன் போன்ற மனநோய் மாத்திரைகள் இவையும் சர்க்கரையை ஏற்றக்கூடியவை. கொரோனா சமயத்தில் இது ஊருக்கே தெரிந்தது. 2020 ஜூனில் டெக்சாமெதசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு, ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காக்கிறது என்று இங்கிலாந்தில் ரெக்கவரி ஆய்வு நிரூபித்தது. எத்தனையோ பேர் அதனால் பிழைத்தார்கள். 2021-ல் நம் நாட்டில் கறுப்புப் பூஞ்சை பரவியபோது, கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்ததைத்தான் டாக்டர்கள் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஊருக்குப் போன் போட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அட்ரினல் சுரப்பி தூங்கிவிடும். கார்ட்டிசோன் சாப்பிட்டு வந்த ஒருவர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, சுரப்பி சுருங்கிப்போனதால் இறந்த சம்பவம் 1952-லேயே பதிவாகியிருக்கிறது. குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் வேலை. நாம் கேட்க வேண்டியது, எந்த மாத்திரை எப்போதிலிருந்து என்பதும், சாயங்கால சுகர் எவ்வளவு என்பதும்தான். துபாயிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் "என்னம்மா சாப்பிட்டே?" என்று மட்டும் கேட்கிறோம்.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தைச் சேர்ந்த அச்சுத மேனன் மையம் 2016-17-ல் கேரளம் முழுக்க எடுத்த சர்வேயில், வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. இப்படிப்பட்ட ஊரில் 286 என்றதும் எல்லோரும் சோற்றைத்தான் சந்தேகிப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

வேறொரு டாக்டரிடம் போனோம். மதியத்துக்குக் கொஞ்சம் இன்சுலின் கொடுத்தார். ப்ரெட்னிசோலோனை ஐந்து மாதத்தில் படிப்படியாகக் குறைத்து, முடக்குவாதத்துக்கு வேறு மருந்து ஆரம்பித்தார். பிசியோதெரபி பையன் வந்து, படுத்தபடியே கால் மடக்கி நீட்டச் சொல்லிக் கொடுத்தான். நோட்டில் '4 மணி' என்று புதிதாக ஒரு பத்தி போட்டேன். மார்ச் வாக்கில் அது 150-க்குக் கீழே வந்தது.

சேச்சி வந்த அன்று சாயங்காலமே பரணிலிருந்து டப்பாவை இறக்கினேன். லட்டெல்லாம் பூசணம் பிடித்திருந்தது. எண்ணினேன், பதினொன்று. பக்கத்து வீட்டு மாமியிடம் எத்தனை கொடுத்தீர்கள் என்று கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று தயங்கித்தான் கேட்டேன். "பத்து வெச்சேன். அம்மாவுக்குன்னு ஒண்ணு கூட" என்றார்.

கட்டிலருகே வந்து உட்கார்ந்தேன். அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "என்ன, கணக்கு டேலி ஆச்சா?"