சல்லடையும் சிறுவனும்

தூத்துக்குடியில் எனக்கு ஒரு பழைய நண்பர் உண்டு. அவருடைய பாட்டனார் முத்து வியாபாரி. 1961-க்குப் பிறகு அந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. வியாபாரம் போய், வீட்டில் ஓர் அடுக்குப் பித்தளைச் சல்லடைதான் மிச்சம். பனிமய மாதா கோவில் திருவிழாவுக்கு நான் போயிருந்தபோது, அதைத் துடைத்துக் கொண்டுவந்து என் முன்னால் பரப்பினார்.

"மொத்தம் பத்து, அண்ணாச்சி. இருபதாம் எண்ணிலே தொடங்கி ஆயிரத்திலே முடியும். பெரிய முத்து மேல் சல்லடையிலேயே நின்னுக்கிடும். சின்னது ஒவ்வொண்ணா இறங்கும். அப்புறம் உருண்டையும் ஒளியும் பார்த்து, ஆணிமுத்து எது, கழிசல் எதுன்னு பிரிப்பாங்க. எதிலேயும் தங்காதது தூள்."

பதினொரு வயதுப் பேரன் தூணருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தகப்பன் கப்பலில் வேலை. தாயும் பிள்ளையும் தாத்தாவோடுதான் வாசம். பையனைச் சந்தோஷப்படுத்தலாமே என்று, நண்பருக்குக் கொண்டுபோயிருந்த என் நாவலை அவனிடம் நீட்டி, "ஒரு பக்கம் வாசி, தம்பி" என்றேன். எழுத்தாளனுக்கு இந்தச் சபலம் எப்போதும் உண்டு.

பையன் புத்தகத்தைப் பிடித்தபடி நின்றான். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் சும்மா இருந்திருக்கலாம். "என்னப்பா, ஐந்து வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் என்ன செய்தாய்?" என்று கேட்டுச் சிரித்தேன்.

"அவனா? ஆயிரமாம் சல்லடையிலேயும் தங்க மாட்டான். தூள்! பேசாம வள்ளத்துக்கு அனுப்பிடலாமான்னு பார்க்கேன்" என்றார் நண்பர்.

பையன் புத்தகத்தை வைத்துவிட்டு வெளியே போனான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனிதரைச் சல்லடையில் போட்டுப் பார்த்த பழைய கதைகள்தாம் ஞாபகத்துக்கு வந்தன.

இந்தக் கடலின் முத்தைப் பற்றி எழுதியவர்களில் எட்கர் தர்ஸ்டன் ஒருவர். 1885 முதல் 1908 வரை சென்னை அரும்பொருட் காட்சிச்சாலையின் தலைவராக இருந்த ஆங்கிலேயர். மன்னார் வளைகுடாவின் முத்தையும் சங்கையும் பற்றிய அவருடைய குறிப்புகள் 1890-ல் வெளிவந்தன. அவருக்கு இன்னொரு பித்தும் உண்டு: அளவுக் கருவிகளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று ஜனங்களின் தலையையும் மூக்கையும் அளப்பார். முத்தை அளந்தால் விலை தெரியும். மூக்கை அளந்து என்ன தெரிந்ததோ, அவரைத்தான் கேட்க வேண்டும்!

அதே காலத்தில் பாரிஸ் நகரில் ஆல்பிரெட் பினே என்பவரும் பள்ளிப் பிள்ளைகளின் தலைகளை அளந்துகொண்டிருந்தார். கெட்டிக்காரனுக்குத் தலை பெரிது என்பது அன்றைய நம்பிக்கை. அளந்து பார்த்ததில் வித்தியாசம் மிகச் சொற்பம். அதோடு, தம் எதிர்பார்ப்பே கை வழியாக அளவில் புகுந்துவிடுகிறதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. தலையை அளப்பதை விட்டார். அப்படித் தம்மையே சந்தேகித்ததுதான் அவருடைய பெருமை என்பேன்.

சாதாரண வகுப்பில் தத்தளிக்கும் பிள்ளைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆராய 1904-ல் பிரெஞ்சு அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. மறு வருஷம் பினேயும் சிமோன் என்ற டாக்டரும் முப்பது சோதனைகள் வகுத்தார்கள். படத்தைப் பார்த்துச் சொல்வது, கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்வது என்ற மாதிரி. யாரையும் தள்ளுவதற்காக அல்ல, யாருக்கு எந்த உதவி வேண்டும் என்று அறிவதற்காக. ஆனால் 1911-ல் பினே காலமானார். அமெரிக்காவில் அந்தச் சோதனை முத்திரைக் கட்டையாயிற்று. 1913-ல் நியூயார்க் துறைமுகத்தில், கப்பலை விட்டு இறங்கிய, ஆங்கிலம் அறியாத ஏழைகளைச் சோதித்து, 'மந்த புத்தி' என்று எழுதிவைத்தார்கள்.

நம் நாட்டிலும் இந்த விஷயத்தில் நல்ல காரியங்கள் நடந்தன. 1937-ல் பம்பாயில் டாட்டா சமூக சேவைப் பள்ளியை ஒட்டிக் குழந்தைகளுக்கான மனநல ஆலோசனை நிலையம் ஒன்று ஏற்பட்டது. பிள்ளையோடு பெற்றவர்களையும் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பது அங்கே பாடம். வி. வி. காமத் என்பவர் பினேயின் சோதனைகளைக் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி திருத்தி 1940-ல் நூலாக வெளியிட்டார்.

திருநெல்வேலிச் சீமையும் பின்தங்கவில்லை. 1986 வரை தூத்துக்குடியும் அந்தச் சீமைதான். பாளையங்கோட்டையில் 1890-லேயே ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார். கண் தெரியாதது ஊருக்கே தெரியும். கண்ணும் காதும் நன்றாயிருந்து, எழுத்து மட்டும் பிடிபடாத பிள்ளையின் கஷ்டம் யாருக்குத் தெரிகிறது? 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு குறைபாடுகள் இருந்தன, இது இல்லை. 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் இருபத்தொன்றில்தான் 'கற்றல் குறைபாடு' இடம்பெற்றது. பாளையங்கோட்டைப் பள்ளிக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையே 126 வருஷம்!

மறுநாள் காலை இவ்வளவையும் நண்பரிடம் கொட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே வட்டார வள மையத்துக்கு வந்தார். அங்கிருந்த சிறப்பு ஆசிரியை பையனோடு பேசிப் பார்த்துவிட்டு, மனநல நிபுணரிடம் அனுப்பினார்.

அந்த அம்மாள் அவசரப்படவில்லை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் செய்தாள். பிறகு இரண்டு நாள் பையனோடு உட்கார்ந்தாள். கதையைக் காதால் கேட்டதும் கடகடவென்று பதில் சொன்னான், மனக்கணக்குப் போட்டான், கட்டைகளை அடுக்கினான். எழுத்தைக் கண்டதும் நின்றுவிட்டான். "புத்தி வயசுக்குத் தக்கபடி நன்றாகவே இருக்கு. வாசிக்கிற வழியிலேதான் தடை. ஒவ்வொரு ஒலியாக, கையால் தடவி எழுதவைத்துச் சொல்லிக் கொடுத்தால் முன்னேறுவான். பரீட்சையிலே கூடுதல் நேரமும் கேட்டு வாங்கலாம்" என்றாள்.

அதுவரை வாய் திறக்காத மருமகள் கேட்டாள்: "நான் மாசமா இருந்தப்ப ஏதும் தப்புப் பண்ணிட்டேனாம்மா?"

"இல்லேம்மா. உங்க தப்பும் இல்லே, அவன் தப்பும் இல்லே."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த ஒரு பதிலுக்காக அவள் ஐந்து வருஷம் காத்திருந்தாள். நண்பர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் பையனிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. நாலு வரி, ஆறு எழுத்துப் பிழை. 'உங்கள் புத்தகம் இரண்டு பக்கம் நானே வாசித்தேன். மீதியைத் தாத்தா வாசித்துக் காட்டினார். கதை நீளம் ஜாஸ்தி.'

இதையே பெரிய விமரிசகர்களும் சொல்லியிருக்கிறார்கள். பையனின் புத்தியில் இனி யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.