பிக்-அப் வண்டியில் கேம்பிங்: எந்த டென்ட் சரி? எப்படித் தூங்கணும்? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பிக்-அப் வண்டியின் பின்பக்கத்திலேயே டென்ட் போட்டுத் தங்குவது அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து போன்ற நாடுகளில் ரொம்ப நாள் பழக்கம். இந்தியாவில் 2016-ல் இசுசு டி-மேக்ஸ் வி-க்ராஸ், 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸ் என வரிசையாக விற்பனைக்கு வந்த பிறகு, இங்கேயும் இந்த ஆசை பலருக்கு வந்திருக்கிறது.

வீடியோவில் பார்க்க எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஆனால் தவறான டென்ட், மெல்லிய மெத்தை, தவறான இடம் என்று அமைந்துவிட்டால் ராத்திரி முழுக்கத் தூக்கம் இருக்காது. மறுநாள் அதே அரைத்தூக்கத்தோடு மலைப்பாதையில் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். சில தவறுகள் உயிருக்கே ஆபத்து. எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது? பார்ப்போம்.

முதல் வேலை: டேப் எடுத்து அளக்கணும்

இந்தியாவில் கிடைக்கும் நான்கு கதவு பிக்-அப்களில் பின்பக்கத் தொட்டியின் நீளம் சுமார் 5 அடிதான். அதாவது ஏறக்குறைய 152 செ.மீ. ஐந்தரை அடி உயரம் உள்ள ஒருவர் அதில் நேராகக் கால் நீட்ட முடியாது. அமெரிக்காவில் ஐந்தரை, ஆறரை, 8 அடி நீளத் தொட்டிகள் சாதாரணம். அந்த அளவுக்குத் தைத்த டென்டை ஆன்லைனில் பார்த்து ஆர்டர் போட்டால் இங்கே பொருந்தாது.

பின்கதவைக் கீழே இறக்கிப் போட்டால் இன்னும் சுமார் ஒன்றரை அடி கிடைக்கும். அப்போது மொத்தம் ஆறரை அடி, படுக்கலாம். ஆனால் இரண்டு விஷயம் பார்க்கணும். ஒன்று, அந்தக் கதவு எவ்வளவு எடை தாங்கும் என்று வண்டியின் கையேட்டில் பார்க்கணும். இரண்டாவது, வாங்கும் டென்ட் கதவு திறந்த நிலையில் மாட்டக்கூடியதா என்று கேட்கணும். எல்லா டென்டும் அப்படி இல்லை.

அகலத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தொட்டி ஒன்றரை மீட்டர் அகலம் இருந்தாலும், இரண்டு பக்கமும் சக்கர மேடு உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும். நடுவில் மிஞ்சுவது சுமார் 110 செ.மீ.தான். ஒரு ஆளுக்கான மெத்தை வழக்கமாக 60 செ.மீ. அகலம் என்பதால் இரண்டு மெத்தை பக்கத்தில் பக்கத்தில் போட முடியாது. இருவர் படுக்க வேண்டுமென்றால் சக்கர மேட்டின் உயரத்துக்குப் பிளைவுட் பலகை அடித்து, அதன் மேல் படுப்பதுதான் வழி. பலகைக்குக் கீழே சாமான் வைக்கவும் இடம் கிடைக்கும்.

எத்தனை வகை டென்ட்? எது யாருக்கு?

தரையில் போடும் டென்ட்: விலை குறைவு, இடம் அதிகம். டென்டை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போகலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் முதல்முறை முயற்சி செய்கிறவர்களுக்கும் இதுவே போதும். சமதளமான, தண்ணீர் தேங்காத தரை வேணும். "4 பேர் டென்ட்" என்று போட்டிருந்தால் தோளோடு தோள் ஒட்டிப் படுத்தால் 4 பேர் என்று அர்த்தம். சாமானோடு 2 பேர், அதிகபட்சம் 3 பேர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் மாட்டும் டென்ட்: தரை ஈரம், கல், பூச்சித் தொல்லை குறையும். ஆனால் தொட்டியில் இருக்கும் சாமான்களை எல்லாம் இறக்கிய பிறகுதான் டென்ட் போட முடியும். அவற்றைப் பின்சீட்டில் அடுக்க வேண்டியதுதான். வண்டியை நகர்த்த வேண்டுமென்றால் டென்டைக் கழற்றணும். ஒருவர் அல்லது இருவர் போகும் சின்னப் பயணத்துக்கு ஓகே.

கூரை மேல் ரூஃப்டாப் டென்ட்: சில நிமிடத்தில் விரிக்கலாம், மெத்தை உள்ளேயே இருக்கும். ஆனால் பெரும்பாலும் 50 முதல் 80 கிலோ வரை எடை. வண்டி ஓடும்போது கூரை தாங்கும் எடை வேறு, நிற்கும்போது தாங்கும் எடை வேறு. கையேட்டில் போட்டிருப்பது பொதுவாக ஓடும்போது உள்ள வரம்பு. டென்ட், அதைத் தாங்கும் கம்பிகள் எல்லாம் சேர்ந்து அந்த வரம்புக்குள் இருக்கணும். உச்சியில் எடை ஏறினால் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாயும் உணர்வு அதிகமாகும், மைலேஜும் குறையும். கூரைக்குப் பதில் தொட்டியின் மேல் இரும்புச் சட்டம் அடித்து அதில் வைத்தால் எடை கொஞ்சம் தாழ்வாக இறங்கும். வயதானவர்கள், சின்னக் குழந்தைகள் நடுராத்திரியில் ஏணியில் ஏறி இறங்கணும் என்பதையும் யோசிங்க.

கேனபி என்ற மூடி: தொட்டியை ஃபைபர் அல்லது உலோகக் கூண்டால் மூடி, உள்ளேயே படுப்பது. மழை, காற்றுக்கு இது நல்ல பாதுகாப்பு. பூட்டலாம் என்பதால் சாமானுக்கும் பயமில்லை. ஆனால் உட்கார்ந்தால் தலை இடிக்கும். ஜன்னலும் கொசுவலையும் இல்லாத கேனபியில் படுக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. நிரந்தரமாக எதையாவது பொருத்தும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுவது நல்லது.

டென்டை விட முக்கியம் மெத்தை

பலர் டென்டுக்குச் செலவு செய்துவிட்டு மெத்தையில் மிச்சம் பிடிப்பார்கள். இது தலைகீழ் கணக்கு. ராத்திரியில் தொட்டியின் உலோகத் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அது உடம்புச் சூட்டைக் கீழிருந்து உறிஞ்சும். ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பகுதி நம் எடையில் நசுங்கிவிடுவதால் கீழே இருந்து வரும் குளிரை அது தடுக்காது. அந்த வேலையை மெத்தைதான் செய்யணும்.

மெத்தை எவ்வளவு குளிர் தடுக்கும் என்பதை 'ஆர் வேல்யூ' என்ற எண் சொல்லும். எண் கூடக் கூடக் குளிர் தடுப்பும் கூடும். சமவெளிக்கு 2-க்குள் இருந்தாலே போதும். ஏற்காடு மாதிரி இடங்களுக்கு 2 முதல் 4 வரை, ஊட்டி டிசம்பர் குளிருக்கு 4-க்கு மேல் பார்த்து வாங்கலாம். உள்ளே வெறும் காற்று மட்டும் இருக்கும் சாதாரண ஏர் பெட் மெத்தென்று இருக்கும், ஆனால் குளிரைத் தடுக்காது. அதன் அடியில் ஒரு ஃபோம் ஷீட் போட்டால் நிலைமை நன்றாக மாறும். பஞ்சர் ஆனாலும் அந்த ஷீட் காப்பாற்றும்.

ஸ்லீப்பிங் பேக்: எந்த எண்ணைப் பார்ப்பது?

தரச் சான்று உள்ள பேக்குகளில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்', 'எக்ஸ்ட்ரீம்' என மூன்று வெப்பநிலை போட்டிருக்கும். பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் மட்டுமே. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைப்பதற்கான அளவு, தூங்குவதற்கானது இல்லை.

போகும் இடம் எவ்வளவு குளிரும்? ஒரு தோராயக் கணக்கு: 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். சமவெளியில் இரவு 24 டிகிரி என்றால் அங்கே 10 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனியே விழும். மாறாக, சமவெளியிலோ கடற்கரையிலோ தங்கினால் ஸ்லீப்பிங் பேக்கே தேவையில்லை. ஒரு போர்வையும், நல்ல காற்றோட்டமும் கொசுவலையும் போதும்.

மழையும் ஈரமும்

டென்ட் துணி எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதை மில்லிமீட்டரில் குறிப்பிடுவார்கள். 1,500 மி.மீ. சாதாரண மழைக்கு, 3,000 மி.மீ. நம்ம ஊர் பருவமழைக்கு. தையலில் டேப் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கணும். காலையில் டென்டுக்குள் நனைந்திருந்தால் உடனே ஒழுகல் என்று நினைக்க வேண்டாம். நம் மூச்சில் வரும் நீராவிதான் குளிர்ந்த துணியில் படிகிறது. குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் அடைத்தால் இது அதிகமாகும்.

இடி மின்னல் வந்தால் எந்த டென்டும் பாதுகாப்பு இல்லை. இறங்கி வண்டியின் கேபினுக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள். காட்டாற்றின் காய்ந்த படுகையில் டென்ட் போடவே கூடாது. மேலே மலையில் பெய்த மழை சொல்லாமல் வரும்.

இதை மட்டும் செய்யவே கூடாது

குளிருக்காக டென்டுக்குள்ளோ கேனபிக்குள்ளோ கரி அடுப்பு, பார்பிக்யூ, கேஸ் அடுப்பு எதையும் வைக்கக் கூடாது. அணைந்த மாதிரி தெரியும் கரியில் இருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குபவர் எழுந்திருக்காமலே போய்விடலாம். ஏசிக்காகவோ ஹீட்டருக்காகவோ எஞ்சினை ஓட விட்டுத் தூங்குவதிலும் இதே ஆபத்து உண்டு. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கையில் இருப்பது நல்லது.

எங்கே தங்கலாம்?

2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், ஒரு ரிசார்ட்டின் டென்டில் தங்கியிருந்த இளம்பெண் யானை தாக்கி இறந்தார். காட்டை ஒட்டிய இடங்களில் டென்ட் துணி எந்தப் பாதுகாப்பும் தராது. வண்டியின் மேல் இருக்கிறோம் என்பதும் யானைக்கு ஒரு தடை இல்லை. பழம், உப்பு, சமைத்த சாப்பாடு எதையும் படுக்கும் இடத்தில் வைக்க வேண்டாம்.

வனப்பகுதியில் அனுமதி இல்லாமல் தங்குவது சட்டப்படி குற்றம். பந்திப்பூர் வழியாகப் போகும் சாலையில் இரவு 9 முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை உண்டு. ஊட்டி, கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகளில் போக 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறை வந்தது. புறப்படும் முன் தற்போதைய விதிமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி பெற்ற கேம்ப் தளம், அல்லது உரிமையாளரிடம் கேட்டுத் தங்கும் தனியார் தோட்டம், இவைதான் சரியான இடங்கள்.

சுருக்கமாக

குடும்பத்தோடு போகிறவர்களுக்குத் தரை டென்ட். தனியாகவோ இருவராகவோ எப்போதாவது போகிறவர்களுக்குத் தொட்டி டென்ட். அடிக்கடி இடம் மாறிப் பயணிக்கிறவர்களுக்கு, வண்டி தாங்கும் என்றால், ரூஃப்டாப் டென்ட். மழையிலும் போகிறவர்களுக்குக் கேனபியும் பலகைப் படுக்கையும். எதை வாங்கினாலும் முதல் ராத்திரி மலைக்குப் போக வேண்டாம். வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். கால் இடிக்கிறதா, முதுகு குளிர்கிறதா, கொசு எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.