லெசன் பிளான் வந்த வழி

1797-ல் ஜெர்மானிய இளைஞர் ஒருவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதிக்குப் போய், அங்கே ஓர் அதிகாரியின் மூன்று பையன்களுக்கு வீட்டு வாத்தியாராக அமர்ந்தார். பெயர் ஜொஹான் பிரெடரிக் ஹெர்பார்ட். பையன்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறார், அவர்கள் எப்படித் தேறுகிறார்கள் என்று தகப்பனாருக்கு அவ்வப்போது விரிவாக எழுதித் தருவதும் அவர் வேலையில் சேர்ந்தது. நம் பி.எட். மாணவர்கள் ராத்திரி கண்விழித்து எழுதும் லெசன் பிளானின் வம்சாவளியை அந்தக் கடிதங்களிலிருந்தே தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

1806-ல் ஹெர்பார்ட் கல்வியியல் பற்றிப் புத்தகம் எழுதினார். 1809-ல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில், ஒரு காலத்தில் காண்ட் வகித்த தத்துவப் பேராசிரியர் பதவியில் அமர்ந்தார். கற்பிப்பதைப் பல்கலைக்கழகத்தில் வைத்துப் படிக்க வேண்டிய துறையாக அவர் நினைத்தார். பயிற்சி வகுப்பு ஒன்றையும் அங்கே நடத்தினார். அவருடைய கருத்தின் சாரம் எளிமையானது. புதிய செய்தி மனத்தில் தனியாகத் தங்காது. ஏற்கெனவே அங்கிருக்கும் எண்ணங்களோடு ஒட்டிக்கொண்டால்தான் நிற்கும். நெல்லைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கோதுமையைப் புரியவைப்பது சுலபம். இந்த ஒட்டுதல் நடக்கும் கட்டங்கள் தெளிவு, தொடர்பு, ஒழுங்கு, முறை என நான்கு என்றார். அவர் சொன்னது மனம் ஒரு விஷயத்தைத் தன்வசமாக்கும் வழியை. மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடிகிற ஒரு பீரியடை அல்ல.

பீரியடுக்குள் அதை அடைத்தவர்கள் சீடர்கள். ஹெர்பார்ட் 1841-ல் இறந்தார். லைப்சிக்கில் இருந்த ட்யூஸ்கன் ஸில்லர் முதல் கட்டத்தை இரண்டாகப் பிரித்து ஐந்தாக்கினார். யேனா பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் ரைன் அந்த ஐந்தையும் எந்த வாத்தியாரும் கைக்கொள்ளும்படி செப்பனிட்டார்: ஆயத்தப்படுத்துதல், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமைப்படுத்துதல், பயன்படுத்துதல். யேனாவில் பயிற்சிக்கென்றே ஒரு பள்ளியும் இருந்தது. பயிற்சி மாணவர் ஒருவர் பாடம் நடத்துவார், மற்றவர்கள் கவனிப்பார்கள், பிறகு எல்லோரும் கூடிக் குறைநிறை பேசுவார்கள். நம் ஊர் 'கிரிட்டிசிசம் கிளாஸ்' அதற்குத் தூரத்துச் சொந்தம்தான்.

யேனாவுக்குப் பல நாட்டவர் படிக்க வந்ததால் ஐந்து படிகளும் கப்பலேறின. சார்லஸ் டி கார்மோவும் மெக்மரி சகோதரர்களும் அவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1895-ல் அங்கே ஹெர்பார்ட் பெயரில் ஒரு தேசியச் சங்கமே உருவானது. அதற்கு முன்பே, ஜெர்மானியரான எமில் ஹவுஸ்க்னெக்ட் 1887-ல் டோக்கியோவுக்குப் போய் ஹெர்பார்ட் முறையைக் கற்பித்திருந்தார். இங்கிலாந்தில் மான்செஸ்டரின் கேதரின் டாட் 1898-ல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார்.

இவ்வளவு வேகமாக அது பரவியதற்கு ஹெர்பார்ட்டின் தத்துவம் காரணம் என்று நான் நம்பவில்லை. அவர் புத்தகம் படிக்கக் கடினமானது. தாளில் எழுதச் சொல்லலாம், எழுதியதைச் சரிபார்க்கலாம், ஓரத்தில் கையெழுத்துப் போடலாம் என்பதே காரணம். ஆயிரக்கணக்கில் ஆசிரியர்களைத் தயாரிக்க வேண்டிய அரசுகளுக்கு அது பெரிய வசதி. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1910-லேயே இதைச் சரியாகப் பிடித்தார். ஆசிரியர் வீட்டில் உட்கார்ந்து பாடத்தை யோசிக்க ஐந்து படிகள் உதவும். வகுப்பில் பிள்ளைகள் அதே வரிசையில்தான் யோசிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் கெடுதல் என்பது அவர் வாதம். கேட்டவர்கள் குறைவு.

சென்னையில் 1856-ல் அரசு நார்மல் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே முதலில் எல்.டி., அப்புறம் பி.டி., கடைசியில் பி.எட். என்று பட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்தது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பயிற்சி பெற்றதும் அங்கேதான். இங்கிலாந்தின் பயிற்சிக் கல்லூரியில் எது பாடமோ அதுவே சென்னையிலும் பாடம் என்றிருந்த காலம் அது. ஹெர்பார்ட் பெயரிலான ஐந்து படிகள் நம் பாடத்திட்டத்தில் குடியேறி இன்றுவரை காலி செய்யவில்லை. ஐந்தையும் வரிசை மாறாமல் ஒப்பிக்காத பி.எட். பட்டதாரியைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வந்ததை அப்படியே வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. அமெரிக்கர் பெஞ்சமின் ப்ளூம் 1956-ல் கற்றல் நோக்கங்களை வகைப்படுத்தி வெளியிட்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவரே இந்தியா வந்து தேர்வுச் சீர்திருத்தப் பயிலரங்குகளை நடத்தினார். அறிதல், புரிதல், பயன்படுத்துதல் என்று லெசன் பிளானில் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. 1963-ல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த மைக்ரோ டீச்சிங் நம்மிடம் நுண்ணிலைக் கற்பித்தல் ஆனது. ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிடம் திருத்தி எழுதுவது, ஆறு நிமிடம் மறுபடி பாடம், ஆறு நிமிடம் மறுபடி பின்னூட்டம். ஆக 36 நிமிடம் என்று இந்திய வடிவம் கணக்குப் போட்டுத் தந்தது. அதற்குத் தனி ரெக்கார்டு. மைசூரு மண்டலக் கல்வியியல் கல்லூரி உள்ளீடு, செயல்முறை, வெளியீடு என்று தன் பங்குக்கு ஒரு அட்டவணை போட்டது. 1980-களில் அமெரிக்க அறிவியல் பாடங்களுக்காக உருவான ஐந்து 'இ' மாதிரியும் இப்போது வந்துவிட்டது. எது வந்தாலும் பழையது போவதில்லை. கூட்டுக் குடும்பத்தில் மருமகள்கள் வந்து சேர்வதுபோல எல்லாம் ஒரே அட்டவணைக்குள் ஒண்டிக்கொள்கின்றன.

இந்த அட்டவணைகளில் நான் கவனித்துப் பார்ப்பது 'எதிர்பார்க்கப்படும் மாணவர் விடை' என்ற பத்தியை. கேள்வி ஆசிரியருடையது, பதிலும் அவரே எழுதியது. முன்னறிவைச் சோதிக்கும் கேள்விக்கும் அப்படித்தான். பிள்ளைக்கு முன்னமே என்ன தெரியும் என்பதிலிருந்துதான் ஹெர்பார்ட் தொடங்கினார். அவர் பெயரால் வந்த தாளில் பிள்ளை வாய் திறக்கும் முன்பே பதில் எழுதப்பட்டிருக்கிறது. ஏழாம் வகுப்புப் பையன் எதிர்பாராத பதில் ஒன்றைச் சொன்னால் அதை எழுத அங்கே இடமில்லை.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கின. இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியிலேயே இருந்து பயிற்சி பெற வேண்டும் என்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சேரும் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பும் வந்திருக்கிறது. வாரங்கள் கூடியது நல்லது, சந்தேகமில்லை. ஆனால் பயிற்சி மாணவர் பள்ளிக்குள் நுழைந்ததும் கைட் டீச்சர் முதலில் கேட்பது லெசன் பிளானைத்தான். பயிற்சி மாணவர் வேலைக்குப் போன பிறகு அதுவே 'நோட்ஸ் ஆஃப் லெசன்' ஆகித் தலைமை ஆசிரியர் மேசைக்குப் போகும். இப்போது கணினியிடம் பாடத்தின் பெயரைச் சொன்னால் போதும், ஐந்து படிகளும் ப்ளூமின் நோக்கங்களும் மாணவர் விடைகளும் நிமிடத்தில் வந்து நிற்கின்றன. பயிற்சி மாணவர்கள் அதைப் பார்த்துக் கையால் படியெடுத்து ரெக்கார்டில் ஒப்படைக்கலாம், கையெழுத்தும் கிடைத்துவிடும்.